‘சொந்தப் பொருள்’ என்றால் என்ன? எல்லை தாண்டும் ஓவியமும் சுங்கச் சட்டமும்

“நானே வரைஞ்ச படம் டீச்சர். யார்கிட்டயும் வாங்கல. என் சொந்தப் பொருளைக் கொண்டுபோய் விக்கிறதுக்கு எதுக்குப் பாரம்?”

நம் கெடா மாணவர்களிடமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய் வட்டாரத்தில் வரையத் தெரிந்த பிள்ளைகள் நிறைய பேர். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பதாகை எழுதிக் கை பழகி, பிறகு கான்வாஸ், அக்ரிலிக் என்று வளர்ந்தவர்கள். சுங்கைப்பட்டாணியிலிருந்து புக்கிட் காயூ ஈத்தாம் எல்லைக்குக் காரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து ஹட்யாய் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வாங்கும் ஆள் அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது போய் விற்றுப் பார்க்கலாம் என்று தோன்றுவது இயல்புதான்.

முன்னாள் மாணவர் ஒருவர் அப்படித்தான் போனார். ஒன்பது ஓவியங்களைப் பழைய சேலையில் சுற்றிக் காரின் பின்னால் வைத்திருந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் “இது என்ன?” என்று கேட்டதற்கு, “சொந்தப் பொருள்” என்றார். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. மூன்று வாரம் கழித்து, தண்டம் கட்டிய பிறகுதான் படங்கள் கைக்கு வந்தன. அதற்குள் அவர் கலந்துகொள்ள இருந்த கண்காட்சி முடிந்துவிட்டது. அந்த ஒன்பது படங்களும், பகலில் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டே அவர் ஏழு மாத இரவுகளில் வரைந்தவை.

அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். சிக்கல் ஒரு சொல்லில் இருந்தது. மொழி ஆசிரியர்களாகிய நமக்கு அக்கறையுள்ள இடமும் அதுதான்.

தமிழில் ‘சொந்தம்’ என்றால் உரிமை. என் வீடு, என் நிலம், நான் வரைந்த படம் எல்லாம் சொந்தம். சுங்கத் துறை ‘சொந்தப் பொருள்’ என்று சொல்லும்போது உரிமையைப் பற்றிப் பேசவில்லை, பயன்பாட்டைப் பற்றிப் பேசுகிறது. மலாயில் ‘பாராங் பெரிபாடி’ என்பார்கள். உடுத்தும் துணி, போட்டிருக்கும் கண்ணாடி, திரும்பி வரும்போது கூடவே வரும் கேமரா போன்றவை அதில் சேரும். விற்க எடுத்துப்போகும் பொருள் ‘பாராங் டாகாங்கான்’, அதாவது வணிகச் சரக்கு. அதைச் செய்தவர் யார் என்பது அங்கே கேள்வி இல்லை. எங்கே போய்ச் சேரப்போகிறது என்பதுதான் கேள்வி. நீங்களே வரைந்து, நீங்களே சுமந்து போனாலும், விற்கும் எண்ணம் இருந்தால் அது சரக்குதான்.

இரண்டு வாசல்கள்

எல்லை என்றால் ஒரு கோடு என்று நினைக்கிறோம். சரக்குக்கு அது இரண்டு வாசல். முதல் வாசல் நம்முடையது, ஏற்றுமதி. இரண்டாவது அவர்களுடையது, இறக்குமதி.

நம் வாசலில் பெரிய செலவு இல்லை. மலேசியாவில் ஏற்றுமதி வரி கச்சா செம்பனை எண்ணெய் போன்ற சில பொருள்களுக்கே உண்டு. உயிரோடிருக்கும் ஓவியர் வரைந்த புதிய படத்துக்கு இல்லை. ஆனால் வரி இல்லை என்பதற்காக அறிவிக்க வேண்டாம் என்று ஆகிவிடாது. 1967-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின்படி ஏற்றுமதிக்கு ஓர் அறிக்கை தர வேண்டும். அந்தப் பாரத்தின் பெயர் கே2. (இறக்குமதிக்கு கே1. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு.) கே2 இப்போது மின்னியல் வழியாகவே போகிறது. முதன்முறை போகிறவர் எல்லையில் உள்ள உரிமம் பெற்ற சுங்க ஏஜென்ட் ஒருவரைப் பிடிப்பது நல்லது. கொஞ்சம் பணம் போகும், நிறைய நேரம் மிஞ்சும்.

கே2 நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். விற்காத படங்களோடு திரும்பி வரும்போது, “இவை இங்கிருந்து போனவைதான்” என்பதற்கு அந்த நகல்தான் சாட்சி. அது இல்லாவிட்டால் நம் படமே நமக்கு வெளிநாட்டுச் சரக்காகிவிடும்.

அந்தத் தாளில் என்ன எழுதுவது? படத்தின் தலைப்பு, அளவு, எதில் வரைந்தது, எந்த ஆண்டு, யார் வரைந்தது, விலை. ஒவ்வொரு படத்தையும் முன்னும் பின்னும் ஒரு புகைப்படம். இவ்வளவும் ஒரே பட்டியலில் இருந்தால் போதும். விலையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். “சாயம், கான்வாஸ் எல்லாம் சேர்த்து 40 வெள்ளிதான் ஆச்சு, அதையே போட்டுடலாமா?” கூடாது. சுங்கம் கேட்பது அடக்க விலையை இல்லை, விற்கும் விலையை. இன்ஸ்டாகிராமில் 300 வெள்ளி என்று போட்டுவிட்டுப் பட்டியலில் 40 என்று எழுதினால், அதிகாரி கைத்தொலைபேசியை எடுத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பொய் அறிக்கை என்பது சுங்கச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் குற்றம். தண்டமும் உண்டு, சிறையும் உண்டு.

இது ஓவியமா, அலங்காரப் பொருளா?

உலக நாடுகள் சரக்குகளை ஒரே எண் வரிசையில் வகைப்படுத்தி வைத்திருக்கின்றன. அதில் கலைப் படைப்புகளுக்கு 97-ஆம் அதிகாரம். 9701 என்ற தலைப்பில் முழுக்க முழுக்கக் கையால் வரைந்த ஓவியங்கள் வரும். ஓவியரே கையால் செதுக்கிய அச்சுப் பலகையிலிருந்து நேரே எடுத்த பிரதிகள் 9702-இல் வரும். பள்ளியில் லினோ வெட்டி மை தடவி எடுக்கிறோமே, அந்த வகை. மூலச் சிற்பங்கள் 9703. பல நாடுகளில் இந்த அதிகாரத்துக்குச் சுங்க வரி இல்லை, அல்லது குறைவு. அதனால் எந்தத் தலைப்பில் விழுகிறோம் என்பது பணப் பிரச்சினை.

இங்கே நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடையில் வாங்கிய பானை, கோப்பை, மரத்தட்டு ஆகியவற்றின் மேல் எவ்வளவு அழகாகக் கோலம் தீட்டினாலும் அது 9701 ஆகாது. ‘கையால் அலங்கரித்த உற்பத்திப் பொருள்’ என்று அந்தத் தலைப்பிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறார்கள். பானை பானையாகவும் தட்டு தட்டாகவும்தான் கணக்கில் வரும். அதேபோல், மூல ஓவியத்தை ஸ்கேன் செய்து கணினியில் அச்சடித்த பிரதி 49-ஆம் அதிகாரத்துக்குப் போய்விடும். அது அச்சுப் பொருள். கையெழுத்துப் போட்டு 1/50 என்று எண் கொடுத்தாலும் அது கையால் வரைந்தது ஆகிவிடாது. சட்டகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். படத்துக்கு ஏற்ற சாதாரணச் சட்டகம் படத்தோடு சேர்த்தே கணக்கிடப்படும்.

இந்த வகைப்பாட்டுச் சண்டை ஒருமுறை நீதிமன்றம் வரை போனது. 1926-இல் ருமேனியச் சிற்பி பிரான்குசியின் ‘விண்வெளியில் பறவை’ என்ற வெண்கலச் சிற்பம் கப்பலில் நியூயார்க் வந்து இறங்கியது. அதில் இறகும் இல்லை, அலகும் இல்லை. மேலெழும் ஒரு நீண்ட வளைவு மட்டும். சுங்க அதிகாரிகள் இது சிற்பமே இல்லை என்று சமையலறை, மருத்துவமனைப் பொருள்கள் வரும் தலைப்பில் போட்டு 40 விழுக்காடு வரி கேட்டார்கள். கலைப் படைப்பாக ஏற்றிருந்தால் வரியே இல்லை. வழக்கு நடந்து, 1928-இல் நீதிமன்றம் அதைக் கலை என்று ஏற்றது. கலை என்றால் என்ன என்று நாம் வகுப்பில் பேசுவதை அங்கே சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு பேசியிருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்து வாசல்

செலவு பெரும்பாலும் இரண்டாவது வாசலில்தான். தாய்லாந்தில் மதிப்புக் கூட்டு வரி 7 விழுக்காடு. சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. இவை சுங்க வரியிலிருந்து வேறு. சுங்க வரி பூஜ்யமாக இருந்தாலும் இவை உண்டு.

ஆசியான் நாட்டில் உருவான பொருள் என்று நிரூபித்தால் இன்னோர் ஆசியான் நாட்டில் சுங்க வரி குறையும் அல்லது நீங்கும். அதற்கான சான்றிதழ் ‘பாரம் டி’. முதலீட்டு, வாணிப, தொழில் அமைச்சு தருகிறது. மதிப்பு 200 அமெரிக்க டாலருக்கு மேல் போகாத சரக்குக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமலேயே சலுகை கேட்கலாம். இரண்டு மூன்று சிறு படங்கள் கொண்டுபோகிறவருக்கு இது உதவும்.

ஒரு கணக்கு. ஆறு படங்கள், ஒன்று 300 வெள்ளி. மொத்தம் 1,800. போக்குவரத்து, காப்புறுதி 200. இரண்டும் சேர்ந்த 2,000-க்குத்தான் வரி கணக்கிடுவார்கள், 1,800-க்கு இல்லை. சுங்க வரி பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், 7 விழுக்காடு 140 வெள்ளி. ஏழு மாத உழைப்பை மூன்று வாரம் கிடங்கில் போட்டுவைத்ததற்குப் பக்கத்தில் இந்த 140-ஐ வைத்துப் பாருங்கள்.

படம் உள்ளே போய்விட்டது, இனி விற்கலாம் என்று நினைக்க வேண்டாம். பொருள் நுழைவது ஒரு சட்டம், ஆள் வேலை செய்வது இன்னொரு சட்டம். சுற்றுப்பயணியாகப் போனவர் கடை போட்டு உட்கார்ந்து விற்பது பெரும்பாலான நாடுகளில் தடை. தாய்லாந்தில் கடைமுகப்பில் நின்று விற்பது அந்நாட்டுக் குடிமக்களுக்கென்றே ஒதுக்கிய தொழில்களில் ஒன்று. ஆகவே அங்குள்ள கலைக்கூடமோ கடையோ இறக்குமதியாளராக இருந்து வாங்கி விற்பதுதான் நேரான வழி. கமிஷன் போகும்தான். ஆனால் பாரம், வரி, விற்பனை மூன்றும் அவர்கள் பெயரில் நடக்கும்.

விற்பது உறுதியில்லை, கண்காட்சியில் வைக்கத்தான் போகிறேன் என்பவர்களுக்கு ‘ஏடிஏ கார்னே’ என்ற கடவுச்சீட்டு உண்டு. ஆளுக்கு இல்லை, பொருளுக்கு. மலேசிய அனைத்துலக வாணிப, தொழிலியல் சபை இதை வழங்குகிறது. பிணைத்தொகை கட்ட வேண்டும். அதிகபட்சம் ஓராண்டுக்கு வரி கட்டாமல் பொருளைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரலாம். மலேசியா, தாய்லாந்து, சிங்கப்பூர், இந்தியா நான்கும் இதை ஏற்கின்றன. ஆனால் இதில் போவது திரும்பி வர வேண்டும். நடுவில் ஒரு படம் விலை போனால் அந்த நாட்டுச் சுங்கத்திடம் சொல்லி வரியைக் கட்டிவிட வேண்டும். எல்லாவற்றையும் விற்பதற்கென்றே கொண்டுபோகிறவர் கார்னே எடுப்பது தவறான பாதை.

அஞ்சலில் அனுப்புகிறவர்களுக்கும் ஒரு சொல். பொட்டலத்தின் மேல் ஒட்டும் சிஎன்22 அல்லது சிஎன்23 சீட்டில் ‘அன்பளிப்பு’, ‘விற்பனைப் பொருள்’ என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். “அன்பளிப்புன்னு டிக் போட்டா வரி வராது” என்று அறிவுரை சொல்லும் அண்ணன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு அனுப்புவது அன்பளிப்பு ஆகாது. பொட்டலம் தொலைந்தால், அன்பளிப்பு என்று குறித்துவிட்டு விற்ற விலைக்கு இழப்பீடு கேட்கவும் வாய் வராது. மரப்பெட்டியில் அடைத்து அனுப்பினால், பூச்சி ஒழிய வெப்பமூட்டிய மரம் என்ற அனைத்துலக முத்திரை அந்தப் பெட்டியில் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத பலகைப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிளைவுட், கெட்டி அட்டை என்றால் அந்தத் தொல்லை இல்லை.

வெளியே போகக்கூடாதவை

நாம் பேசுவது நீங்களே வரைந்த படத்தைப் பற்றி. பாட்டி வீட்டுப் பழம்பொருள் வேறு கதை. 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி மரபுடைமைப் பொருளை உரிமம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. பூஜாங் பள்ளத்தாக்கைப் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு இதன் அருமை தெரியும். அருகிவரும் உயிரினங்களுக்கென்று 2008-இல் தனிச் சட்டம் வந்தது. தந்தம், ஆமை ஓடு போன்றவற்றைப் படத்தில் ஒட்டினால் படமும் மாட்டிக்கொள்ளும்.

இந்தியச் சட்டத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு தொல்பொருள், கலைச் செல்வச் சட்டம் நூறாண்டு கடந்தவற்றைத் தடுப்பதோடு நிற்கவில்லை. ராஜா ரவிவர்மா, ரவீந்திரநாத் தாகூர், அம்ரிதா ஷேர்கில் உள்ளிட்ட ஒன்பது ஓவியர்களின் படைப்புகளைக் கலைச் செல்வமாக அறிவித்து வெளியே போகாமல் காக்கிறார்கள். ஆனால் ஓவியர் உயிரோடு இருக்கும்வரை அவர் படைப்பை அப்படி அறிவிக்கக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. வாழும் ஓவியருக்கு விற்றுப் பிழைக்கும் வழியை அடைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

பதிப்புரிமையைப் பற்றிச் சுருக்கமாக. மலேசியாவில் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரைந்தவருக்குப் படம் உருவானவுடனே பதிப்புரிமை வந்துவிடுகிறது. அது அவர் வாழ்நாளும், மறைந்த பின் 50 ஆண்டும் நீடிக்கும். படத்தை விற்பதால் பதிப்புரிமை போய்விடாது. எழுதிக் கொடுத்தால்தான் போகும். இதன் மறுபக்கமும் உண்டு. வேறொருவர் எடுத்த புகைப்படத்தையோ, நாள்காட்டிச் சாமி படத்தையோ, திரைப்படக் காட்சியையோ அச்சு மாறாமல் வரைந்து விற்றால், பாரம் எல்லாம் சரியாக இருந்தாலும் உரிமைச் சிக்கல் வரும்.

எல்லையே தாண்டாமல் வெளிநாட்டவருக்கு விற்கும் வழியும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு. அங்கே கைவினை வளாகத்திலோ கலைக்கூடத்திலோ ஒரு சுற்றுப்பயணி உங்கள் படத்தை வாங்கினால், அதை அவர் நாட்டுக்குக் கொண்டுபோகும் பொறுப்பு அவருடையது. தீவுக்குப் படங்களை ஏற்றுமுன் கோலக்கெடா சுங்க அலுவலகத்தில் பாரம் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதன்முதலாக விற்கத் தொடங்குகிறவருக்கு ஹட்யாயைவிட இதுதான் நல்லது என்பது என் கருத்து.

தொடர்ந்து விற்கிறவர் எஸ்எஸ்எம்-மில் தொழிலைப் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வணிகப் பெயர் என்றால் 60. வருமான வரிக் கணக்கிலும் காட்ட வேண்டும். ஓவியம் வரையும் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தனியே ஒன்று: 1993-ஆம் ஆண்டு அரசு அதிகாரிகள் நடத்தை, கட்டொழுங்கு விதிமுறைகளின் 5-ஆம் விதிப்படி, வெளி வேலையில் சம்பாதிக்கத் துறைத் தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.

வகுப்புக்குச் சில குறிப்புகள்

இலக்கியம் எடுக்கும் மாணவர்களுக்கு இந்தப் பாடம் அந்நியமானது இல்லை. சுங்கத்துக்குப் பழைய சொல் ‘உல்கு’. திருக்குறளில் அரசனின் வருவாயைச் சொல்லுமிடத்தில் இந்தச் சொல் வருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சரக்குகளுக்குப் புலி முத்திரை இட்டு அனுப்பும் காட்சி இருக்கிறது. அங்கே வந்து குவியும் பொருள்களில் காழகத்துப் பொருளும் ஒன்று. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை சொல்கிறது. கடாரம்தான் நம் கெடா. ஆக, இந்த மண்ணிலிருந்து போன சரக்கு அன்றைக்கே தமிழ்நாட்டுச் சுங்கச் சாவடியில் முத்திரை வாங்கியிருக்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர் வந்ததையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

விளக்கக் கட்டுரைக்கு இதைத் தலைப்பாகக் கொடுக்கும்போது கலைச்சொற்களை முதலில் பலகையில் எழுதிவிடுங்கள்: ஏற்றுமதி, இறக்குமதி, அறிக்கை, தண்டம், பிணைத்தொகை, பதிப்புரிமை, மரபுடைமை. ‘அபராதம்’ என்று எழுதினாலும் தவறில்லை. ‘வரி’ என்று மட்டும் எழுதிவிட்டு எந்த வரி என்று சொல்லாத கட்டுரைக்கு நான் முழுப் புள்ளி கொடுப்பதில்லை.

பயிற்சிக்கு இரண்டு சூழல்கள். ஒன்று: லூனாசைச் சேர்ந்த ஒரு பெண் சிங்கப்பூரில் நடக்கும் தீபாவளிச் சந்தையில் உள்ள ஒரு கடைக்காக நான்கு அக்ரிலிக் ஓவியங்கள், கோலம் தீட்டிய இருபது மண்விளக்குகள், ஓவியத்தின் முப்பது அச்சுப் பிரதிகள் அனுப்புகிறார். மூன்றும் ஒரே தலைப்பில் வருமா? ஏன்? இரண்டு: சரக்கின் விலை 2,500 வெள்ளி, போக்குவரத்தும் காப்புறுதியும் 300 வெள்ளி, சுங்க வரி இல்லை என்று கொண்டால், 9 விழுக்காட்டில் கட்ட வேண்டிய தொகை என்ன? விடை 252 வெள்ளி. 225 என்று எழுதிய மாணவர், போக்குவரத்தையும் காப்புறுதியையும் சேர்க்காமல் விட்டிருப்பார்.